சுருட்டு ஒரு பக்கமாக எரிகிறதா, பாதியில் அணைகிறதா? தருமபுரி, கிருஷ்ணகிரி வெயிலில் புதியவர்கள் செய்ய வேண்டியவை

ஒன்று ஆயிரம் ரூபாய்க்கு மேல் கொடுத்து வாங்கிய சுருட்டு பாதியிலேயே அணைந்துவிடுகிறது. மறுபடி பற்றவைத்தால் கசக்கிறது. இல்லாவிட்டால் ஒரு பக்கம் மட்டும் விறுவிறுவென்று எரிந்து இறங்க, மறுபக்கம் கருகாமல் அப்படியே நிற்கிறது. தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் புதிதாகச் சுருட்டு பிடிக்கிறவர்களிடம் நான் அடிக்கடி கேட்கும் புகார் இதுதான். உடனே மட்டமான சரக்கு என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். பல நேரம் சரக்கில் குறை இருக்காது, வைத்திருந்த இடத்தின் ஈரப்பதம்தான் கெடுத்திருக்கும்.

சுருட்டு எரியும் விதத்தைத் தீர்மானிப்பவை இரண்டு. இலைக்குள் இருக்கும் ஈரம் ஒன்று. அதைச் சுற்றிய கை, அதாவது கட்டுமானம், இன்னொன்று. ஈரம் நம் கையில் இருக்கிறது. கட்டுமானம் ஆலையிலேயே முடிந்துபோன விஷயம். ஆகவே முதலில் ஈரத்தைச் சரிசெய்யுங்கள், அப்புறம் கட்டுமானத்தை எடைபோடுங்கள். இந்த வரிசையைச் சொல்லித்தர நம் பக்கம் ஆள் இல்லை. வெளிநாட்டு வீடியோக்கள் சொல்வதெல்லாம் குளிரூட்டிய வீட்டுக்குப் பொருந்தும். ஏப்ரல் மாதத்தில் தருமபுரியின் ஓட்டு வீட்டுக்கோ மொட்டை மாடிக்குக் கீழிருக்கும் அறைக்கோ பொருந்தாது. ரொம்ப நாள் அல்லாடிய பிறகு எனக்குப் பிடிபட்டதை இங்கே வரிசையாக எழுதியிருக்கிறேன்.

ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன். புகையை நெஞ்சுக்குள் இழுக்காவிட்டாலும் வாய், நாக்கு, தொண்டைப் புற்றுநோய் வரும் ஆபத்து சுருட்டில் உண்டு. இதுவரை தொடாதவர்கள் இதைப் படித்துவிட்டு ஆரம்பிக்க வேண்டாம். 18 வயது ஆகாதவருக்குப் புகையிலை விற்பதே சட்டப்படி குற்றம்.

இன்னொன்று. நான் பேசுவது க்யூபா, டொமினிகன் குடியரசு, நிகரகுவா, ஹோண்டுராஸ் போன்ற இடங்களிலிருந்து வரும், ஈரப்பதம் குறையாமல் வைக்க வேண்டிய சுருட்டைப் பற்றி. நம் உறையூர், திண்டுக்கல் சுருட்டு வேறு ரகம். முனியப்பன் படையலுக்கு வாங்குகிற சுருட்டு பெட்டிக்கடையில் சாதாரண டப்பாவில்தான் கிடக்கும், நன்றாகவும் எரியும். அது காய்ந்த பதத்திலேயே பிடிக்கிற சரக்கு. அதைக் கொண்டுபோய் 70 சதவீத ஈரத்தில் வைத்தால் ஊறிப்போகும். இரண்டையும் ஒரே பெட்டியில் போடாதீர்கள்.

1. வாங்கும்போது: பில், பெட்டி, எண்ணிக்கை

ஓசூர்க்காரர்களுக்கு பெங்களூரு கூப்பிடு தூரம். கிருஷ்ணகிரி, தருமபுரி ஆட்களும் பெரும்பாலும் அங்கேதான் வாங்குகிறார்கள், இல்லையென்றால் வெளிநாட்டிலிருந்து வரும் சொந்தக்காரர்கள் கொண்டுவருகிறார்கள்.

கடையில் வாங்கினால் ஜிஎஸ்டி பில் கேட்டு வாங்குங்கள். பெட்டியில் படத்துடன் கூடிய உடல்நல எச்சரிக்கை, இறக்குமதி செய்தவரின் பெயர், முகவரி, அதிகபட்ச விலை எல்லாம் இருக்க வேண்டும். இவை இல்லாத பெட்டி எந்த வழியாக வந்தது, எங்கே எத்தனை மாதம் வெயிலில் கிடந்தது என்று யாருக்கும் தெரியாது. கண்ணாடி மூடி போட்ட பெட்டியில் பிரபல க்யூபா பெயர் இருந்தால் அது போலி. அசல் க்யூபா பெட்டியில் ஒட்டியிருக்கும் உத்தரவாத முத்திரையில் பார்கோடு இருக்கும், அந்த எண்ணை இணையத்தில் சரிபார்க்கலாம்.

கடைக்காரர் சுருட்டை வைத்திருக்கும் அலமாரியை ஒரு பார்வை பாருங்கள். உள்ளே ஈரப்பதம் காட்டும் மீட்டர் இருக்கிறதா, அது என்ன காட்டுகிறது? சாதாரணக் கண்ணாடி கவுன்டரில் விளக்குக்கு நேர் கீழே கிடந்தால் எவ்வளவு தள்ளுபடி கொடுத்தாலும் வேண்டாம்.

வெளிநாட்டிலிருந்து யாராவது வந்தால், ஒரு பயணி வரியில்லாமல் கொண்டுவரக்கூடியது 25 சுருட்டு அல்லது 100 சிகரெட் அல்லது 125 கிராம் புகையிலை. ‘அல்லது’ என்பதைக் கவனியுங்கள், மூன்றும் சேர்த்துக் கிடையாது. அதற்கு மேல் இருந்தால் விமான நிலையச் சுங்கத்தின் சிவப்பு வழியில் போய்ச் சொல்லி, வரி கட்டிவிட்டுத்தான் வெளியே வர வேண்டும், அந்த வரி கடுமையானது. வாங்கிய ரசீதைக் கையில் வைத்திருக்கச் சொல்லுங்கள். விமானத்துக்குள் காற்று மிகவும் வறண்டிருக்கும், அதனால் சுருட்டை ஜிப் பையில் ஈரப்பதப் பாக்கெட்டுடன் (ஈரத்தை ஒரே அளவில் வைக்கும் சின்னப் பை, 4-ஆம் படியில் சொல்கிறேன்) போட்டுக் கொண்டுவருவது நல்லது. சுடர் சீறி வரும் ஜெட் லைட்டரை விமானத்தில் எந்தப் பையிலும் கொண்டுவர முடியாது.

முதல் முறை முழுப் பெட்டி வாங்காதீர்கள். அதே நேரம், ரகத்துக்கு ஒன்று என்றும் வாங்காதீர்கள். ஒரே ரகத்தில் மூன்று வாங்குங்கள். ஒப்பிட்டுப் பார்க்க வேறு சுருட்டு இல்லாவிட்டால் எது ஈரத்தின் குறை, எது கட்டுமானத்தின் குறை என்று கண்டுபிடிக்கவே முடியாது.

2. மீட்டரை நம்பும் முன் உப்பு வைத்துப் பாருங்கள்

டிஜிட்டல் ஹைக்ரோமீட்டர், அதாவது ஈரப்பதம் காட்டும் மீட்டர், ஆன்லைனில் 300 முதல் 500 ரூபாய்க்குள் கிடைக்கும். முள் வைத்த வட்ட மீட்டர் அழகாக இருக்கும், ஆனால் நம்ப முடியாது. டிஜிட்டலும் பெட்டியிலிருந்து எடுத்த உடனே சரியாகக் காட்டும் என்று நினைக்காதீர்கள். ஐந்தாறு சதவீதம் தள்ளிக் காட்டுவது சாதாரணம்.

ஒரு பாட்டில் மூடியில் சமையல் உப்பு போட்டு, சில சொட்டு தண்ணீர் விட்டு, சொதசொதவென்று ஆக்குங்கள். உப்பு கரைந்து ஓடக் கூடாது. மூடியையும் மீட்டரையும் ஒரு ஜிப் பையில் போட்டு நன்றாக மூடி, ஒரு நாள் அசையாமல் வையுங்கள். பைக்குள் ஈரப்பதம் 75 சதவீதத்தில் நிற்கும், அது இயற்கை விதி. மீட்டர் 70 காட்டினால் அது 5 குறைத்துக் காட்டுகிறது என்று அர்த்தம். அதை ஒரு ஸ்டிக்கரில் எழுதி மீட்டரின் முதுகில் ஒட்டிவிடுங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை இதைத் திரும்பச் செய்தால் போதும்.

3. பெட்டியும் அதை வைக்கும் இடமும்

புதியவர்களுக்கு மர ஹியூமிடர், அதாவது சுருட்டை ஈரம் குறையாமல் வைக்கும் மரப் பெட்டி, வேண்டாம் என்பேன். விலை குறைந்த மரப் பெட்டிகளில் மூடி சரியாகப் பொருந்துவதில்லை. மூடிக்கு நடுவே ஒரு காகிதத் துண்டை வைத்து இழுத்துப் பாருங்கள், தடையில்லாமல் வந்தால் நம் ஊர் கோடைக்கு அந்தப் பெட்டி தாங்காது. நான்கு பக்கமும் கிளிப், மூடியில் ரப்பர் வளையம் உள்ள உணவு டப்பா 300, 400 ரூபாய்க்குப் பாத்திரக் கடையிலேயே கிடைக்கும். கழுவி, பிளாஸ்டிக் வாசனை போகும்வரை சில நாள் திறந்து வையுங்கள். சுருட்டுப் பெட்டியில் வரும் மெல்லிய சிடார் மரப் பலகைகளை எறியாமல் உள்ளே போடுங்கள்.

மர ஹியூமிடர் பரிசாக வந்திருந்தால் உடனே சுருட்டை அடுக்காதீர்கள். காய்ந்த மரம் சுருட்டிலிருந்தே ஈரத்தை உறிஞ்சும். 84 சதவீத ஈரப்பதப் பாக்கெட்டைக் காலிப் பெட்டிக்குள் போட்டு 14 நாள் மூடி வைத்துவிட்டு அப்புறம் அடுக்குங்கள். ஈரத்துணியால் துடைத்தால் சீக்கிரம் ஆகும் என்று சிலர் சொல்வார்கள், மரம் கோணிக்கொள்ளும். பஞ்சு வைத்த பழைய வகைப் பெட்டியாக இருந்தால் நம் போர் தண்ணீரை ஊற்றவே கூடாது. நம் மாவட்டங்களின் தண்ணீரில் இருக்கும் உப்பு பஞ்சை வெள்ளையாக அடைத்துவிடும். காய்ச்சி வடித்த தண்ணீர் வேண்டும்.

இனி இடம். பரண் வேண்டாம், ஃப்ரிட்ஜின் மேல் வேண்டாம், சாயங்கால வெயில் அடிக்கும் மேற்குச் சுவரை ஒட்டி வேண்டாம், சாமி அறையும் வேண்டாம். கற்பூரமும் சாம்பிராணியும் இலையில் ஏறிவிடும். பீரோ நல்ல இடம்தான், அடித்தட்டு குளிர்ச்சியாக இருக்கும். ஆனால் உள்ளே அந்துருண்டை இருந்தால் எத்தனை கிளிப் போட்ட டப்பாவாக இருந்தாலும், திறக்கும் ஒவ்வொரு முறையும் அந்த வாசனை உள்ளே போகும். அந்துருண்டை ஏறிய சுருட்டைத் திரும்ப மீட்க வழியே கிடையாது. தரைத்தளத்தில், வீட்டின் உட்புறச் சுவரை ஒட்டி, தரைக்குப் பக்கத்தில் இருக்கும் அலமாரிதான் என் தேர்வு.

ஃப்ரிட்ஜுக்குள்ளேயே வைத்துக்கொள்ளலாமா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். வேண்டாம். ஃப்ரிட்ஜ் காற்று வறண்டது. போதாததற்கு நேற்றைய மீன் குழம்பும் மல்லிகைப்பூவும் கூடவே இருக்கும்.

4. எத்தனை சதவீதம்: 70 என்ற கணக்கை மறந்துவிடுங்கள்

எங்கே படித்தாலும் 70 சதவீத ஈரப்பதம், 70 டிகிரி ஃபாரன்ஹீட் என்று எழுதியிருப்பார்கள். 70 ஃபாரன்ஹீட் என்பது ஏறக்குறைய 21 டிகிரி செல்சியஸ். ஏசி இல்லாமல் தருமபுரியில் அந்தக் குளிர்ச்சி எந்த மாதத்தில் நாள் முழுக்க நிற்கிறது? 30 டிகிரியில் 70 சதவீத ஈரத்தை வைத்தால் பூஞ்சைக்கும் வண்டுக்கும் விருந்து வைத்தது போலத்தான்.

எரிவதற்கும் அது நல்லதல்ல. ஈரமான இலை எரிய வேண்டுமென்றால் முதலில் அந்தத் தண்ணீர் ஆவியாக வேண்டும். கங்கின் சூடு அதற்கே செலவாகிவிடும். ஈர விறகை அடுப்பில் வைத்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்க வேண்டாம். கங்கு குளிர்ந்து அடிக்கடி அணையும், திரும்பத் திரும்பப் பற்றவைப்போம், ஒவ்வொரு முறையும் கசப்பு கூடும். இதோடு ஈரம் ஏறிய இலை உப்பி, உள்ளே காற்றுப் போகும் வழியை அடைக்கும். உறிஞ்சினால் புகை வராது. நாம் இன்னும் பலமாக உறிஞ்சுவோம், அது இன்னும் கெடும்.

காய்ந்துபோனால் இதற்கு நேர்மாறு. வேகமாக, சூடாக எரியும். நாக்கு எரியும். மேல் இலை விரலில் பட்டாலே விரிசல் விடும், இலையின் வாசனை எண்ணெய் போய்விட்டிருக்கும். ஈரத்தை மறுபடி ஏற்றலாம், போன வாசனையை ஏற்ற முடியாது.

நம் பகுதிக்கு 65 சதவீதம் போதும் என்பது என் கருத்து. கருப்பான, தடித்த மேல் இலை உள்ள மதுரோ வகை இயல்பாகவே மெதுவாக எரியும், அதற்கு 62 இன்னும் நன்றாக இருக்கும். இந்த எண்கள் போட்ட இருவழிப் பாக்கெட்டுகள், போவேடா போன்றவை, ஈரம் குறைந்தால் விடும், கூடினால் உறிஞ்சும். 60 கிராம் பாக்கெட் ஒன்று 25 சுருட்டுக்கு என்பது கணக்கு. நான் வாங்கியபோது ஒன்று 500 ரூபாயை ஒட்டி இருந்தது. தொட்டால் கொழகொழவென்று இருக்கும்வரை வேலை செய்கிறது, கல்லாக இறுகிவிட்டால் மாற்றுங்கள். காற்றுப் புகாத டப்பாவில் மாதக்கணக்கில் வரும். இடுக்குள்ள மரப் பெட்டியில் சீக்கிரம் தீரும். ஒரே டப்பாவில் 62-ஐயும் 69-ஐயும் சேர்த்துப் போடாதீர்கள், ஒன்றோடொன்று சண்டை போட்டு இரண்டும் வீணாகும். வெற்றிலை, ஆப்பிள் துண்டு, ஈரப் பஞ்சு வைக்கச் சொல்பவர்களிடம் சரி என்று தலையாட்டிவிட்டு வந்துவிடுங்கள், அதெல்லாம் பூஞ்சைக்கு நேர்வழி.

பருவம் பார்த்தும் நடக்க வேண்டும்:

பிப்ரவரி முதல் மே வரை தருமபுரி, கிருஷ்ணகிரி, ஊத்தங்கரை, அரூர் பக்கமெல்லாம் காற்று காய்ந்துபோகும். இந்த நாலு மாதம் பெட்டியைத் திறப்பதைக் குறைத்துக்கொள்ளுங்கள், வாரம் ஒருமுறை ஒரு நிமிஷம் போதும். கூரியரில் எதுவும் வரவழைக்காமல் இருப்பது இன்னும் நல்லது. வேனுக்குள் ஒரு பகல் கிடந்தாலே சுருட்டு வாடிவிடும்.

ஆடியில் ஈரத்தைவிடக் காற்றுதான் தொல்லை, அதைப் பின்னால் சொல்கிறேன். புரட்டாசி, ஐப்பசி மழையில் நிலைமை தலைகீழாகும். பெட்டிக்கு வெளியே இருக்கும் ஈரம் உள்ளே இருப்பதைவிட அதிகமாக இருக்கும், அப்போதும் அடிக்கடி திறக்கக் கூடாது.

ஓசூர் தனிக்கதை. ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்தில் இருப்பதால் வெயில் குறைவு, சுருட்டு வைக்க இந்த இரண்டு மாவட்டத்திலும் அதைவிட நல்ல ஊர் இல்லை. ஆனால் மார்கழி, தை மாதங்களில் பகலுக்கும் இரவுக்கும் குளிர் வித்தியாசம் பெரிது. மீட்டர் காலையில் ஒன்றும் மதியம் ஒன்றுமாகக் காட்டும். இரண்டு மூன்று சதவீதம் ஆடினால் பதறி எதையும் மாற்றாதீர்கள். ஓசூரில் வைத்திருந்த சுருட்டைத் தருமபுரிக்குக் கொண்டுவந்து அன்றைக்கே பிடித்தால் வேறு மாதிரி எரியும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

5. வந்த சுருட்டுக்கு ஓய்வு: எடை போட்டுப் பாருங்கள்

புதிதாக வந்த சுருட்டை உடனே பற்றவைக்காதீர்கள். குறைந்தது இரண்டு வாரம், முடிந்தால் ஒரு மாதம் பெட்டிக்குள் கிடக்கட்டும். ஈரம் வெளி இலையில் சீக்கிரம் ஏறும், நடுவில் போய்ச் சேர நாளாகும். வெளியே பதமாகவும் உள்ளே காய்ந்தும் இருக்கும் சுருட்டில் நடுப்பகுதி முந்திக்கொண்டு எரிந்து உள்ளே குழியாகும்.

ஓய்வு போதுமா என்று தெரிந்துகொள்ள எனக்குப் பிடித்த வழி எடை. பத்தில் ஒரு கிராம் வரை காட்டும் சின்ன டிஜிட்டல் தராசு 300, 400 ரூபாய்க்குக் கிடைக்கிறது. வந்த அன்றைக்கு ஒவ்வொன்றையும் நிறுத்து எழுதி வையுங்கள். வாரம் ஒருமுறை நிறுங்கள். எடை ஏறிக்கொண்டோ இறங்கிக்கொண்டோ இருந்தால் ஈரம் இன்னும் நகர்கிறது. இரண்டு வாரம் தொடர்ந்து ஒரே எடை காட்டினால் உள்ளும் புறமும் ஒன்றாகிவிட்டது. மீட்டர் பெட்டிக் காற்றை மட்டும்தான் சொல்லும், தராசு சுருட்டையே சொல்லும்.

மிகவும் காய்ந்து வந்ததை நேரே 69-இல் போடாதீர்கள். வெளி இலை சட்டென்று உப்பி வெடிக்கும். 62-இல் சில வாரம், அப்புறம் 65 என்று மெல்ல ஏற்றுங்கள்.

6. வண்டு: வெயில் ஊரில் தள்ளிப்போடக் கூடாத வேலை

புகையிலை வண்டின் முட்டை இலையிலேயே இருக்கலாம். கண்ணுக்குத் தெரியாது. 24 டிகிரிக்கு மேல் சூடு நீடித்தால் பொரிக்கும் ஆபத்து கூடுகிறது, நம் ஊரில் வருஷத்தில் பெரும்பகுதி அப்படித்தான். மேல் இலையில் ஊசி குத்தியது போல வட்ட ஓட்டை, கீழே தவிட்டுத் தூள் தெரிந்தால் வண்டு வந்துவிட்டது. அந்த ஓட்டை வழியாகக் காற்று போவதால் சுருட்டு இழுக்காது, எரிவதும் தாறுமாறாகும். பலர் இதையும் கட்டுமானக் குறை என்று நினைத்துவிடுகிறார்கள்.

வாங்கிய உடனே இரண்டு ஜிப் பைக்குள் போட்டு, காற்றை வெளியேற்றி, ஒரு நாள் ஃப்ரிட்ஜின் கீழ்ப் பகுதியில், பிறகு நான்கைந்து நாள் ஃப்ரீசரில், திரும்ப ஒரு நாள் கீழே வையுங்கள். பிறகு வெளியே எடுத்து, அறைச் சூட்டுக்கு வரும்வரை பையைத் திறக்காமல் காத்திருங்கள். முன்பே திறந்தால் தண்ணீர் கோத்துக்கொள்ளும். நடுவில் நீண்ட மின்வெட்டு வந்தால் ஃப்ரீசர் நாட்களை முதலிலிருந்து எண்ணுங்கள். அதன் பிறகுதான் 5-ஆம் படியின் ஓய்வு தொடங்கும்.

7. கட்டுமானம்: கையால் தெரிந்துகொள்வது

கையால் சுற்றிய சுருட்டில் மூன்று அடுக்கு. உள்ளே நிரப்பும் இலை, அதைச் சுற்றிப் பிடித்திருக்கும் கட்டு இலை, அதற்கு மேல் அழகான மேல் இலை. உள்ளே நிரப்புவதிலும் செடியின் எந்த உயரத்து இலை என்பதைப் பொறுத்துக் குணம் மாறும். உச்சி இலை தடிப்பு, காரம், மெதுவாக எரியும். அடி இலை மெல்லியது, நன்றாகப் பற்றும். ஸ்பானிஷ் மொழியில் உச்சியை லிஹேரோ, நடுவை செக்கோ, அடியை வோலாடோ என்பார்கள். தெரிந்த கை உச்சி இலையைச் சரியாக நடுவில் வைக்கும். அதனால்தான் நல்ல சுருட்டில் கங்கு கூம்பாக நிற்கிறது. அது குறை இல்லை. அந்த உச்சி இலை ஒரு பக்கமாக ஒதுங்கிவிட்டால் அந்தப் பக்கம் கடைசிவரை பின்தங்கியே எரியும், எத்தனை முறை நெருப்புக் காட்டினாலும் திரும்பத் திரும்பக் கோணும்.

பற்றவைக்கும் முன் இதைச் செய்யுங்கள். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து, அடியிலிருந்து நுனிவரை மெதுவாக அழுத்திக்கொண்டே போங்கள். எல்லா இடமும் ஒரே மாதிரி கொஞ்சம் அமுங்கி மீள வேண்டும். ஓரிடத்தில் முடிச்சு மாதிரி கெட்டியாக இருந்தால் அங்கே இலை அடைந்திருக்கிறது, புகை அங்கே நிற்கும். ஓரிடம் பொத்தென்று உள்ளே போனால் நிரப்பு குறைவு, கங்கு அங்கே வந்ததும் சூடேறி ஓடும். முழுச் சுருட்டுமே பஞ்சு மாதிரி இருந்தால் அது ஈரம், கட்டுமானம் அல்ல. அழுத்தும்போது சருகுச் சத்தம் கேட்டால் காய்ந்துவிட்டது.

அடுத்து, பற்றவைக்கும் முனையை விளக்கடியில் பாருங்கள். இலைகள் குழல் குழலாகச் சுருண்டு, நடுவே சின்னச் சின்ன இடைவெளி தெரிந்தால் காற்று நன்றாகப் போகும். புத்தகத்தை மடித்தது போல ஒரு பக்கம் நெருக்கமாக இருந்தால் அந்தப் பக்கம் மெதுவாக எரியலாம். துண்டு துண்டாக, தூளாக இருந்தால் அது குட்டை நிரப்பு, வேகமாக எரியும், சாம்பல் நிற்காது. அதை அதற்கேற்ற குறைந்த விலைக்கு வாங்கினால் தப்பில்லை.

இங்கேயும் தராசு உதவும். ஒரே ரகத்தில் வாங்கிய மூன்றில் ஒன்று மட்டும் மற்றவற்றைவிடக் கணிசமாகக் கனத்தால் அடைப்பு, இலேசாக இருந்தால் நிரப்பு குறைவு என்று சந்தேகப்படலாம்.

சுற்றிய கையைத் தாண்டி இலையிலேயே வரும் குறையும் உண்டு. நம் விவசாயிகளுக்கு இது உடனே புரியும். எரிக்கிற புகையிலைக்குச் சாதாரணப் பொட்டாஷ், அதாவது மியூரியேட், போட மாட்டார்கள், சல்பேட் பொட்டாஷ்தான் போடுவார்கள். மியூரியேட்டில் இருக்கும் குளோரைடு இலையில் ஏறினால் இலை ஈரத்தை இழுத்துப் பிடித்துக்கொள்ளும், கங்கு நிற்காது. பொட்டாசியம் கங்கைக் காக்கும். உப்புத் தண்ணீர் பாய்ந்த இலையும் அப்படித்தான் சண்டித்தனம் செய்யும். அப்படிப்பட்ட சுருட்டை எந்தப் பெட்டியாலும் சரிசெய்ய முடியாது.

8. வெட்டுவதும் பற்றவைப்பதும்

வெட்டு சின்னதாக இருக்கட்டும். மூடிய நுனியில் ஒட்டியிருக்கும் தொப்பியின் மேல்பகுதியை மட்டும், இரண்டு மில்லிமீட்டர் அளவுக்கு எடுத்தால் போதும். தொப்பிக்குக் கீழே வெட்டினால் மேல் இலை பிரிந்துவிடும். பிளேடு, கத்தரிக்கோல் வேண்டாம், 200 ரூபாய் கட்டரே போதும். வெட்டியதும் பற்றவைக்காமல் ஒருமுறை இழுத்துப் பாருங்கள். மெல்லிய தடையோடு காற்று வந்தால் சரி. வரவே இல்லையென்றால் அதைத் திரும்பப் பெட்டியில் போட்டுவிட்டு 10-ஆம் படிக்குப் போங்கள்.

முனையை நெருப்பில் முக்காமல், சுடருக்குக் கொஞ்சம் மேலே பிடித்து, சுற்றிக்கொண்டே வாட்டுங்கள். விளிம்பு முழுக்கச் சிவந்ததும் வாயில் வைத்து இழுங்கள். முனையில் ஊதிப் பாருங்கள், கறுப்பாகத் தெரியும் இடத்தில் மட்டும் இன்னும் கொஞ்சம் காட்டுங்கள். ஒரு பக்கமாக எரிவதில் பாதிக்கு மேல் இங்கேதான் ஆரம்பமாகிறது. கேஸ் அடைத்த பாக்கெட் லைட்டர் நல்லது. தீக்குச்சி என்றால் மருந்து எரிந்து முடிந்த பிறகு பயன்படுத்துங்கள். மெழுகுவத்தி, விளக்குத் திரி, பெட்ரோல் லைட்டர் மூன்றும் வாசனையை ஏற்றும்.

காற்றை மறைத்து உட்காருங்கள். ஆடிக் காற்றில் மொட்டை மாடியில் நின்றால் எந்தச் சுருட்டும் நேராக எரியாது. மின்விசிறிக்குக் கீழேயும் அதே கதை. பொது இடத்தில் பிடித்தால் 200 ரூபாய் வரை அபராதம் உண்டு. வீட்டுக்குள் பிடித்தால் பிள்ளைகள், பெரியவர்கள் மூச்சில் அது போகும், ஆகவே காற்று மறைவான முற்றமோ பின்கட்டோதான் சரியான இடம்.

நிமிஷத்துக்கு ஒரு இழுப்பு. அதைவிட வேகமானால் சூடேறிக் கசக்கும், மெதுவானால் அணையும்.

9. எரிவதைப் பார்த்துக் காரணம் கண்டுபிடிப்பது

ஒரு பக்கம் முந்தினால்: பின்தங்கிய பக்கத்தைக் கீழ்ப்புறமாகத் திருப்பிப் பிடியுங்கள், கீழிருந்து காற்று கிடைப்பதால் அது எட்டிப் பிடிக்கும். சில இழுப்புக்குப் பிறகும் சரியாகாவிட்டால் பின்தங்கிய விளிம்பில் மட்டும் லேசாக நெருப்புக் காட்டுங்கள். ஒருமுறை சரிசெய்ததும் நேராகிவிட்டால் பற்றவைப்பிலோ காற்றிலோ இருந்த குறை. அதே பக்கம் மறுபடி மறுபடி பின்தங்கினால் உள்ளே இலை ஒதுங்கியிருக்கிறது.

நடுவே குழி விழுந்து மேல் இலை எரியாமல் நின்றால்: மேல் இலையில் ஈரம் அதிகம். ஓசூரில் மழை தூறும் சாயங்காலத்தில் வெளியே உட்கார்ந்து பிடித்தால் சரியான சுருட்டிலும் இது வரும். மிக மெதுவாக இழுத்தாலும் வரும். எரியாத மேல் இலையை நெருப்புக் காட்டி எரித்து, கங்கோடு சமமாக்குங்கள்.

மேல் இலை விரிசல் விட்டால்: சட்டென்று மாறிய ஈரம். கோடையில் பெட்டியிலிருந்து எடுத்து மதிய வெயிலில் பிடிக்கும்போது நடக்கும். கங்கு அந்த விரிசலைத் தாண்டும்வரை மெதுவாகப் போங்கள்.

மேல் இலையின் தடித்த நரம்பில் மட்டும் கங்கு தயங்கி, பிறகு தானே சரியாகிவிட்டால் ஒன்றும் செய்ய வேண்டாம்.

அடிக்கடி அணைந்து, இழுக்கவும் கடினமாக இருந்தால்: முதல் சந்தேகம் ஈரம்.

சாம்பல் வெள்ளையாக இருந்தால் உயர்ந்த சரக்கு என்று சொல்வதை நம்பாதீர்கள், அது மண்ணின் தாதுக்களைப் பொறுத்தது. சாம்பல் உதிராமல் ஓர் அங்குலம் நின்றால் மட்டும் நீள இலை நிரப்பு, நல்ல சுற்று என்று எடுத்துக்கொள்ளலாம்.

10. கடைசித் தீர்ப்பு: ஈரமா, கட்டுமானமா?

ஒரே ரகத்தில் மூன்று வாங்கச் சொன்னது இதற்குத்தான். மூன்றும் ஒரே மாதிரி கோளாறு செய்தால் உங்கள் பெட்டியைப் பாருங்கள், மீட்டரை உப்பில் மறுபடி சோதியுங்கள். ஒன்று மட்டும் கெட்டு மற்ற இரண்டும் நேராக எரிந்தால் அது சுற்றிய கை.

இழுக்க மறுக்கும் சுருட்டை ஈரப்பதப் பாக்கெட் இல்லாத காலி சிடார் பெட்டியில் ஒன்றிரண்டு நாள் வையுங்கள். தருமபுரிக் கோடையில் சில மணி நேரமே போதும், அதிகம் விட்டால் காய்ந்துவிடும். எடை குறைந்து இழுப்பும் லேசானால் ஈரம்தான் காரணம், பெட்டியின் சதவீதத்தைக் குறையுங்கள். எடை குறைந்த பிறகும் அதே இடம் கெட்டியாகவே இருந்தால் கட்டுமானம். அப்போது மெல்லிய நீளக் கம்பியை மெதுவாகத் திருகி உள்ளே விட்டு வழி ஏற்படுத்தலாம், சில நேரம் பலிக்கும்.

கட்டுமானக் குறை உறுதியானால் கடையில் கேட்கத் தயங்காதீர்கள். முழுதும் பிடித்துமுடித்த பிறகு கேட்டால் யாரும் மாற்றித் தர மாட்டார்கள். கோளாறு தெரிந்த அன்றைக்கே படம் எடுங்கள்: கங்கு கோணியிருப்பது, சுருட்டில் சுற்றியிருக்கும் காகிதப் பட்டை, பெட்டியின் அடியில் குத்தியிருக்கும் ஆலை எண்ணும் மாதமும். பில்லையும், நீங்கள் எழுதி வைத்த எடைக் குறிப்பையும் சேர்த்து அனுப்புங்கள். வாங்கிய ஒரு மாதத்துக்குள் கேட்டால் நல்ல கடைக்காரர்கள் பெரும்பாலும் வேறொன்று தருகிறார்கள். எடைக் குறிப்பைப் பார்த்ததும் பேச்சே மாறிவிடும், ஏனென்றால் ‘நீங்கள் சரியாக வைத்திருக்க மாட்டீர்கள்’ என்ற பதிலை அதன் பிறகு அவர்களால் சொல்ல முடியாது.